சிவப்பு யாருடையது

ஆடி நெருங்கினால் நன்மூச்சகத்தில் காற்றின் வாசனை மாறும். காற்றை வடிகட்டும் வடிதுணிகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு ஏழு மாடியும் புது ரப்பர் செருப்பு மாதிரி மணக்கும். உள்ளே இருப்பவர்களுக்குப் பருவம் தெரிவது இப்படித்தான். மழை, பனி, வெயில் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற விஷயங்கள்.

திருச்சிக்கு மேற்கே, காவிரி தெரிகிற தூரத்தில் நின்ற அந்தக் கட்டடத்துக்கு நன்மூச்சகம் என்று பெயர் வைத்தவர் நல்ல மனசுக்காரராக இருந்திருக்க வேண்டும். முந்நூறு பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். சாப்பாடு நன்றாக இருக்கும். நூலகம் உண்டு, பூப்பந்தாட்டம் உண்டு. வாசல் மட்டும் கிடையாது. வாசல் இருந்த இடத்தில் இரண்டு கனத்த கதவுகளும் நடுவே ஓர் இடையறையும் இருந்தன. அதன் வழியாக உள்ளே வந்தவர்கள் உண்டு. திரும்பிப் போய்ப் பிழைத்தவர்கள் என்று யாரும் இல்லை.

வெளியே ஒவ்வொரு ஆடியிலும் தூவிகள் பறக்கும். அவை ஆளில்லாத சின்ன விமானங்கள். ஊர் ஊராகப் போய்க் காற்றூசியைத் தூவுவது அவற்றின் வேலை. ஊசி என்பது பழைய பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், குத்துவது எல்லாம் கிடையாது. மூச்சு விட்டால் போதும். அந்தத் தூவலில் இருப்பது சுமப்பி. ஒரு சாதாரணச் சளி வைரஸைப் பிடித்து, பெருகும் சக்தியைப் பிடுங்கிவிட்டு, அந்த வருஷத்துக் கொள்ளைக்காய்ச்சலின் அடையாளத்தை அதன் முதுகில் ஏற்றி அனுப்புவார்கள். உடம்பு அதைப் பார்த்து வைத்துக்கொள்ளும். நிஜக் காய்ச்சல் வரும்போது ஏமாறாது. இந்த ஏற்பாடு வந்த பிறகு அந்தக் காய்ச்சலுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு என்று ஒன்றுகூட இல்லை. அதை யாரும் குறை சொல்ல முடியாது, உள்ளே அடைபட்டிருந்த நிறைமதியும் சொன்னதில்லை.

குறை லட்சத்தில் ஒருவருக்குத்தான். அவர்களுக்குச் சுமப்பி உள்ளே போன சில நாளில் ரத்தம் உறைந்தது. ஏன் என்று மருத்துவ உலகம் ஆளுக்கொன்று சொன்னது. ஊசி குத்திய காலத்தில், தசைக்குப் போக வேண்டிய மருந்து ரத்தக்குழாய்க்குள் போயிருக்கும் என்றார்கள் சிலர். சுமப்பியை வளர்த்த உயிரணுக்களின் மிச்சம் மருந்தில் கலந்திருக்கும் என்றார்கள் வேறு சிலர். ரத்தத் தட்டணுக்கள் விடுகிற ஒரு புரதத்தைச் சுமப்பியின் மேல்தோல் இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது என்பது இன்னொரு கட்சி. கடைசியில் நிலைத்த கதை இது. சுமப்பியைப் பிடிக்க உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. தயாரிப்பில் ஒரே ஓர் எழுத்து பிசகிவிட்டால், அந்த எதிர்ப்பொருள் சுமப்பியை விட்டுவிட்டு அந்தத் தட்டணுப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே தட்டணுக்கள் விழித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் நாளத்தில் கட்டி அடைக்கும். தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார்.

இந்தப் பிசகு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கே வருவதாகத் தெரிந்தது. அவர்களிலும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் வரும். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிப் பார்க்க வழியில்லை. மரபணுவைப் பார்க்க வழி இருந்தது. எனவே பார்க்க முடிந்ததையே காரணம் என்று வைத்துக்கொண்டு ஒரு கருவி செய்தார்கள். அதற்குக் குருதிக்கண் என்று பெயர். ரத்தக் குழாயைச் செருகினால் ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் வெளியே இருக்கலாம், சிவப்பு என்றால் நன்மூச்சகம். காற்றூசி ஏறாத உடம்பு வெளியே நடமாடினால் காய்ச்சல் அதில் குடியேறிவிடும் என்பதால், முகமூடி போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆடியில் முகமூடி போடுவதே குற்றம்.

நிறைமதி பதினோரு வருஷமாக உள்ளே இருந்தாள். வரும்போது வயது முப்பத்துநாலு, பெரிய ஆய்வகம் ஒன்றில் ரத்தத்தைப் படிக்கிற வேலை. கூட வேலை பார்த்த தேவசகாயம் இரண்டு வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். மூன்றாம் வருஷம் தன் கல்யாணப் பத்திரிகையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனான். அவனைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நான்காம் மாடியில் அவளுக்கு ஒரு சின்ன ஆய்வறை கொடுத்திருந்தார்கள். உறைவுக்கு முழுக் காரணம் என்ன என்று கண்டுபிடித்துவிட்டால் கதவு திறக்கும் என்று நம்பித்தான் அவள் தினமும் காலையில் எழுந்தாள்.

அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது ராயப்பனின் சாவு. ராயப்பன் பச்சை. மனைவி பிலோமினா சிவப்பு என்றதும், தானும் வருகிறேன் என்று மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்தவர். ஆறு வருஷம் உள்ளே இருந்தார். அப்பா இறந்துவிட்டார் என்று ஓர் ஆடியில் அடக்கத்துக்குப் போனார். பச்சைதானே, தாராளமாகப் போகலாம் என்றார்கள். போனவருக்குத் தலைவலி வந்தது. அப்பாவின் குழிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் குழி வெட்டினார்கள். கருவி பிசகாது என்பதால், ராயப்பன் ஆரம்பத்திலிருந்தே சிவப்புதான், பதிவில்தான் தவறு என்று சுகாதாரத் துறை திருத்திக்கொண்டது. துணையாக உள்ளே வருகிற வழக்கத்தையும் அதோடு நிறுத்தினார்கள்.

இந்த வருஷம் ஆனியில் பிலோமினா ஆய்வறைக்கு வந்தாள்.

"மதிம்மா, அவருக்கு ஒருதரம் மஞ்சக்காமாலை வந்தப்ப ரத்தம் எடுத்தியே. அது இன்னும் இருக்கா?"

"குளிர்பெட்டில இருக்கும். ஏன் பிலோமினாக்கா?"

"அவரு சிவப்புன்னா சிவப்புன்னு ஒத்துக்கறேன். ஆனா என்னால உள்ள வந்து, என்னால செத்தாருன்னு நெனச்சுத்தான் இத்தனை நாளா கிடக்கறேன். ஒரே ஒரு தரம் பாத்துச் சொல்லிடு."

பார்ப்பது பெரிய வேலையில்லை. நிறைமதியிடம் மரபுப் படிப்பி ஒன்று இருந்தது, பழசுதான், மெதுவாகப் படிக்கும். ராயப்பனின் ரத்தத்தை வைத்தாள். அந்த மரபணு வகை இல்லை என்று வந்தது. பச்சை. படிப்பி கோளாறு என்று நினைத்தாள். ஒரு கருவியைச் சந்தேகப்பட்டால், விடை தெரிந்த ரத்தத்தை அதில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. விடை தெரிந்த சிவப்பு ரத்தத்தைத் தேடி எங்கேயும் போக வேண்டாம் என்று தன் விரலையே குத்தி ஒரு சொட்டு எடுத்து வைத்தாள். அதுவும் பச்சை என்று வந்தது.

படிப்பி நிச்சயம் கெட்டுவிட்டது. அலுத்துக்கொண்டே பிலோமினாவின் ரத்தத்தையும் வைத்தாள். சிவப்பு. அடுத்த அறை ஆசிரியருடையது சிவப்பு, சமையல்காரருடையது சிவப்பு. மறுபடி தன்னுடையதை வைத்தாள். பச்சை. அன்று முழுக்க விரல் விரலாகக் குத்திக்கொண்டு அதையே செய்துகொண்டிருந்தாள். மாலையில் பத்து விரலும் எரிந்தது. படிப்பி ஒழுங்காகத்தான் இருந்தது. பதினோரு வருஷமாகத் தப்பாக இருந்தது அவள் இருக்கிற இடம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை இளவெயினி வந்தாள். வாராவாரம் வருவாள். காண்கூடத்தில் கனத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பையிலிருந்து எதையாவது எடுத்துக் கொறித்துக்கொண்டே பிள்ளைகள் கதையைச் சொல்வாள். அன்று அவள் உட்காருவதற்குள் நிறைமதி கேட்டுவிட்டாள்.

"வெயினி, உன் நிச்சயத்தன்னிக்கு ரத்தம் எடுக்க வந்தாங்களே. கருவியில வச்சப்ப நாம ரெண்டு பேரும் எங்க இருந்தோம்?"

ஏன் கேட்கிறாய் என்று வெயினி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையிலிருந்த முறுக்கைப் பையில் திரும்ப வைத்தாள். அதிலேயே நிறைமதிக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்."

"அம்மா சாகறதுக்கு முந்தின வாரம் சொன்னுச்சு."

"மூணு வருஷமா தெரியும். மூணு வருஷமா என் முன்னாடி வந்து உக்காந்து முறுக்கு தின்னுட்டுப் போயிருக்க."

வெயினி அழ ஆரம்பித்தாள். நிறைமதிக்கு அவளைத் தேற்றத் தோன்றவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் ஓர் அறை விட்டிருப்பாள். "அழுதது போதும், சொல்லு" என்றாள்.

நடந்தது சின்ன விஷயம். நிச்சயத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண் வீட்டில் எல்லோர் ரத்தத்தையும் பார்க்க வேண்டும், பெண் பச்சையாக இருக்க வேண்டும் என மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். அப்போது அது ஊர் வழக்கமாகவே ஆகியிருந்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, பச்சை. அக்கா தங்கை இரண்டு பேருக்கும்தான் பாக்கி. காலையிலேயே குருதிக்கண்ணைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் வந்தான். ரத்தம் எடுத்ததும் குழாயில் பெயர் ஒட்டிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் நிச்சயத்தன்று வீட்டுக்கு வந்த ஆளை வாய் நனைக்காமல் வேலை செய்ய விடலாமா? கேசரியும் காபியும் கையில் திணித்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்று அம்மா பக்கத்திலேயே நின்றுவிட்டாள். இரண்டு குழாயும் பெயர் இல்லாமல் வெற்றிலைத் தாம்பாளத்தில் கிடந்தன. பெண்கள் இருவரும் உள்ளறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் கேசரிக் கையைத் துடைத்துவிட்டுக் குழாய்களைக் கருவியில் செருகினான். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

"சிவப்பு யாருடையதும்மா?" என்று கேட்டான். முதலில் எடுத்தது எது என்பது அவனுக்கு மறந்துவிட்டது. அம்மாவுக்கு மறக்கவில்லை. அவன் குழாய்களைத் தாம்பாளத்தில் வைக்கும்போதே எது யாருடையது என்று பார்த்து வைத்திருந்தாள்.

"பெரியவளோடது" என்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னுச்சு?" என்று கேட்டாள் நிறைமதி.

"பெரியவ எங்க இருந்தாலும் ஒரு மைக்ரோஸ்கோப்பு குடுத்தா அது பாட்டுக்கு இருந்துக்கும், உனக்கு மண்டபம் வரைக்கும் பேசியாச்சேன்னு சொன்னுச்சு. லட்சத்துல ஒருத்தருக்குத்தானே வருதாம், என் பொண்ணுக்கா வரப்போகுதுன்னு அதுக்கு ஒரு தைரியம்." வெயினி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் உள்ள வந்துடறேன்க்கா. இன்னிக்கே சொல்லிடறேன். நீ வெளிய போயிடு."

சரி, வா என்று சொல்லத்தான் நிறைமதிக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையை அவள் மறைத்துக்கொள்ளவும் இல்லை, ஒரு நிமிஷம் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது என்பது முடிந்துபோன வயதில்லை. அப்போதுதான் அந்த முகத்தில் வேறொன்று அவள் கண்ணில் பட்டது. இந்த முகம் பதினோரு ஆடி வெளியே மூச்சு விட்டிருக்கிறது. சிவப்பு ரத்தத்தோடு.

"வெயினி, ஆடி முடிஞ்சா உனக்குத் தலைவலி ஏதாவது வருமா?"

"இல்லியே. எனக்கு எப்பவும் சளிதான். பள்ளிக்கூடத்துலேர்ந்து பிள்ளைங்க வாங்கிட்டு வரும், அப்புறம் வீட்ல எல்லாருக்கும் ஒரு சுத்து. இந்த வருஷத்துல இது நாலாவது. உனக்கெல்லாம் சளியே பிடிக்கிறதில்லல்ல?"

நிறைமதி சட்டென்று எழுந்து போய்விட்டாள். தங்கை கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

சுமப்பியும் ஒரு சளி வைரஸ்தான். வெளியே இருக்கிறவர்களுக்கு வருஷத்துக்கு நாலு தடவை அதன் பங்காளிகள் யாராவது வந்து போகிறார்கள். மெதுவாக வருகிறார்கள், உடம்பு நிதானமாக எழுதி, அழித்து, சரியான எதிர்ப்பொருளைக் கையில் வைத்துக்கொள்கிறது. ஆடியில் சுமப்பி வந்தால் பழகிய கைகளே அதை முடித்துவிடும். புதிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை. எழுதாத இடத்தில் எழுத்து எப்படிப் பிசகும்? முன்பு வெளியே செத்த அந்த லட்சத்தில் ஒருவர், இந்தச் சளி அதுவரை பிடிக்காமலே தப்பியவராக இருந்திருக்கும். நன்மூச்சகத்தில் சளி கிடையாது. வடிகட்டிய காற்றில் இருந்து இருந்து உடம்பு அந்த வேலையையே மறந்துவிடுகிறது. பத்து வருஷமாக அடுப்பே பற்றவைக்காதவரைக் கூப்பிட்டுக் கல்யாணப் பந்திக்குச் சமைக்கச் சொன்ன மாதிரி, ஆடியில் வெளியே போன முதல் மூச்சிலேயே கோடிக்கணக்கில் சுமப்பி உள்ளே இறங்கும். உடம்பு பதறி அடித்துக்கொண்டு எழுதும். அந்த அவசரத்தில் பிசகும். மரபணு அந்த வகையாக இருந்தால் கொஞ்சம் சுலபமாகப் பிசகும், அவ்வளவுதான். ராயப்பனுக்கு அது இல்லாமலே பிசகியது.

இங்கிருந்து தப்பித்துப்போய் உறைவு வந்து செத்தவர்கள் நாலு பேர். அவர்களைச் சொல்லித்தான் கருவி சரி என்று துறை நிரூபித்துக்கொண்டிருந்தது. நாலு பேருமே பல வருஷம் உள்ளே இருந்தவர்கள் என்பதை நிறைமதி அன்றுதான் கவனித்தாள். காப்பாற்றக் கட்டிய வீடு ஆளைச் சாவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தது. அவளையும்தான். வெளியே போகிற உரிமை அவளுக்கு இருந்தது, வெளியே போய்ப் பிழைக்கிற உடம்பு இப்போது இல்லை. வெயினி உள்ளே வந்தால் சில வருஷத்தில் அவளும் இப்படி ஆகிவிடுவாள்.

யாரிடமும் சொல்லாமல் இருந்தால் இரண்டு பேரும் அவரவர் இடத்தில் உயிரோடு இருக்கலாம். ஆனால் மாதாமாதம் புதிய ஆட்களைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். போன மாதம் வந்தவர்களில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அதற்கு இன்னும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தாதிகள் மருந்து கொடுத்து அதை நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தபோது நிறைமதியால் சும்மா இருக்க முடியவில்லை. வெயினியின் பெயரை எடுக்காமல், ராயப்பனை மட்டும் வைத்துப் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இயக்குநரைக் காண நேரம் கேட்டாள்.

இயக்குநர் ஜெயசீலன் கெட்டவர் இல்லை. பொங்கலுக்கு எல்லோருக்கும் தன் செலவில் கரும்பு அனுப்புகிறவர். காண்கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"டாக்டர், ராயப்பன் சிவப்புன்னு திருத்தியாச்சு."

"செத்ததுக்கு அப்புறம்தானே சார் திருத்தினீங்க. அவர் ரத்தம் என்கிட்ட இருக்கு. பச்சை."

"உங்க படிப்பி ரொம்பப் பழசு."

"அது சரியா இருக்கான்னு பாத்துட்டேன்."

"உங்களைக் குத்தம் சொல்றதுக்காகச் சொல்லல. ஒரே ஒரு ரத்தத்தை வச்சுக்கிட்டு, அதுவும் பழைய ரத்தம், இத்தனை பேர் உயிர் விஷயத்துல விளையாட முடியுமா? உள்ள ரொம்ப நாள் இருந்தா மனசு இப்படித்தான் தேடும். தூக்கத்துக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லட்டுமா?"

அந்தத் தூக்க மாத்திரைதான் அவளைக் கவிழ்த்தது. பதினோரு வருஷக் கோபமும் ஒன்றாக ஏறி வந்தது.

"ஒரு ரத்தம் இல்ல சார். நானே பச்சை. பதினோரு வருஷமா ஒரு பச்சையை உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க. வேணும்னா வந்து குத்திப் பாருங்க."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெயசீலன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை.

"குருதிக்கண் தப்பு பண்ணாது" என்றார் மெதுவாக. "அப்ப குழாய்தான் மாறியிருக்கணும். அன்னிக்கு உங்க வீட்ல வேற யாருக்கு எடுத்தாங்க?"

"யாருக்கும் எடுக்கல. என் சோதனைதான் தப்பா இருக்கும். நான் சிவப்புதான் சார். எழுதியே குடுத்துடறேன்."

"உங்க தங்கச்சி கல்யாணத்தை ஒட்டித்தானே நீங்க உள்ள வந்தீங்க? வாராவாரம் வர்றாங்களே, அவங்கதானே?"

"வேண்டாம் சார்."

"சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா ரெண்டு பேருக்கும் மறுபடி பாக்காம விட முடியாது. சட்டம் அப்படி."

நிறைமதி கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக்கொண்டு கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். வார்த்தைகள் முன்னுக்குப் பின் வந்தன. "சரி, அவ சிவப்புன்னே வச்சுக்கங்க. பதினோரு ஆடி வெளியில இருந்திருக்கா. ஒண்ணும் ஆகலையே? அதை யோசிங்க சார்."

"அதிர்ஷ்டம்" என்றார் ஜெயசீலன். அவர் முகத்தில் நிஜமான கவலை இருந்தது. "நினைச்சாலே பகீர்னு இருக்கு. ரெண்டு பிள்ளைங்க வேற. இந்த ஆடிக்குள்ள தெரிஞ்சதே நல்லதாப் போச்சு. இனிமே அவங்க அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டியதில்ல."

"என்னை வெளிய அனுப்பினா ராயப்பனுக்கு ஆனது எனக்கும் ஆகும்."

"ஆகாதும்மா. நீங்க பச்சை."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா, நீங்க பச்சை இல்லைன்னு அர்த்தம். அன்னிக்கு வீட்ல பாத்ததுதான் சரின்னு ஆகும்." கிண்டல் எதுவும் இல்லாமல், மாணவிக்குப் பாடம் விளக்குகிற மாதிரிதான் சொன்னார்.

"நான் இங்கயே இருந்துடறேன் சார். எனக்கு வெளிய போக வேண்டாம்."

"பச்சைக்கு இங்க இடம் குடுக்க முடியாது டாக்டர். எத்தனை சிவப்பு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். சந்தோஷமாப் போங்க. இத்தனை வருஷம் போனதுக்கு எங்க சார்புல நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சொன்னபடி அவர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்பும் கேட்டார்.

ஆனி முடிவதற்குள் எல்லாம் நடந்தது. இரண்டு பேருக்கும் முறைப்படி பெயர் ஒட்டி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை யாரும் கேசரி கொடுக்கவில்லை. நிறைமதி பச்சை, இளவெயினி சிவப்பு. வெயினிக்குச் சளி முழுவதும் விடுகிறவரை மருந்து கொடுத்து, சுத்தமாகிவிட்டாள் என்று உறுதி செய்துகொண்டு கூட்டிவந்தார்கள். வெளிக் காற்று உள்ளே வருகிற வாய்ப்பைக் குறைக்க வேண்டும் என்று ஒருத்தியை விடவும் ஒருத்தியை எடுக்கவும் கதவை ஒரே தடவை திறந்தார்கள். அதனால் இடையறையில் அக்காவும் தங்கையும் கொஞ்ச நேரம் ஒன்றாக நிற்க நேர்ந்தது.

கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது வெயினி இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். நிறைமதி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் தன் வீட்டு உடம்பு ஒன்றை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை. அறை விட வேண்டும் என்று நினைத்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"பிள்ளைங்களை அவர் பாத்துக்கறேன்னாரு. சின்னவன்தான் ராத்திரில என்னைத் தேடுவான்." வெயினி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்க செத்துருவேனாக்கா?"

"இங்க சாகமாட்ட. இங்க இருக்கறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. ரொம்ப நாள் இருந்துட்டு வெளிய வந்தாத்தான் ஆபத்து. அடுத்த ஆடிக்குள்ள உன்னை எடுத்துடறேன். நாலாவது மாடியில பிலோமினாக்கா இருக்காங்க. அவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். ராயப்பன் ரத்தத்தை அவங்க பத்திரமா வச்சிருப்பாங்க."

"நீ எப்படி எடுப்ப? ஆடிக்கு அப்புறம் நீ இருந்தாத்தானே?"

நிறைமதி தங்கையின் தலையை மோந்து பார்த்தாள். மருந்து வாசனைதான் வந்தது. ஒலிபெருக்கி இருவரையும் அவரவர் கதவுக்குப் போகச் சொன்னது. வெயினி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

வெளிக்கதவு திறந்தது. வெயில் முகத்தில் அடித்ததில் நிறைமதிக்குக் கண் கூசியது. சாணம், டீசல், பொரித்த பஜ்ஜி என்று எல்லா வாசனையும் ஒன்றாக வந்து மோதின. வாசலில் துறை ஆள் ஒருவன் அவளுக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். கருவி ஒரு பச்சையைக் கண்டுபிடித்து விடுதலை செய்த செய்தி மறுநாள் எல்லாத் திரையிலும் வரும்.

மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். ஆடிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நடந்துகொண்டே எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை யோசித்துப் பார்த்தாள். தூவிகள் வந்துபோன பிறகு அவள் உயிரோடு இருந்தால், பார்த்தீர்களா, பச்சைக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். செத்துவிட்டால், அவள் சிவப்புதான், முதலில் பார்த்ததே சரி என்பார்கள். கருவிக்கு இரண்டு பக்கமும் வெற்றிதான். அவள் இருந்தும் ஒன்றும் நிரூபிக்க முடியாது, செத்தும் முடியாது. ஆனால் இருந்தால் பேசலாம். கேட்கிற காது ஒன்று எங்காவது கிடைக்காதா என்று ஊர் ஊராக அலையலாம். வெயினிக்காக அலைய அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகிற வண்டி வந்தது. நல்ல கூட்டம். பின்பக்கம் ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டிருந்தார். கண் சிவந்து, மூக்கு வீங்கி, பார்க்கவே பாவமாக இருந்தார். நிற்க இடமில்லாத வண்டியிலும் அவர் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. நிறைமதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அங்கே உட்கார்ந்தாள்.

"தள்ளி உக்காருங்கம்மா. கடுமையான சளி, ஒட்டிக்கப்போகுது" என்றார் அவர், துண்டுக்குள்ளிருந்து.

"பரவாயில்லைங்க. எத்தனை நாளா இருக்கு?"

"நேத்துதான் ஆரம்பிச்சுது. என் பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து கொண்டாந்தா." அவர் மறுபடி தும்மினார். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். காற்று வரட்டும் என்று ஜன்னலை முழுசாகத் திறந்துவிடச் சளிக்காரர் கையை நீட்டினார்.

நிறைமதி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"ஜன்னல் வேண்டாங்க, சாத்திடுங்க" என்றாள். "அந்தத் துண்டையும் கொஞ்சம் எடுத்துட்டுப் பேசுங்க."